துடுப்புக்கு மார்க்கு உண்டா?

வருஷா வருஷம் கல்லூரிகள் திறக்கும் காலத்தில் நம் நாட்டில் இரண்டு கூக்குரல்கள் கிளம்புவதுண்டு. ஒன்று, "பந்து அடித்தவனுக்கும் ஓட்டம் ஓடியவனுக்கும் கல்லூரியில் இடம் கொடுத்தால் படிப்பின் தரம் என்னாவது?" என்பது. மற்றொன்று, "விளையாட்டில் நாட்டுக்குப் பேர் வாங்கித் தருகின்றவனை மார்க்கு கேட்டு வாட்டலாமா?" என்பது. இவ்விரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் எதிர்த்து வெகு ஆவேசமாய் வாதாடுகின்றார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் மாத்திரம் இருவரும் ஒத்துப்போய் வாயை மூடிக் கொள்ளுகின்றார்கள். அதாவது, விளையாட்டு சர்ட்டிபிகேட் என்பது யார் கைக்குப் போய்ச் சேருகின்றது, யார் கைக்கு எட்டாமலே போகின்றது என்கின்ற விஷயம்தான் அது. நாம் அதைத்தான் இங்கு பேச விரும்புகின்றோம். பேசுவதற்குச் சென்னைப் பட்டணத்து மைதானத்தில் போய் நிற்காமல், தமிழ்நாட்டின் வடகோடியில் ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கேயுள்ள பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று பேச விரும்புகின்றோம்.

இன்றைய ஏற்பாடு

முதலில் இன்றுள்ள ஏற்பாடு என்னவென்று பார்ப்போம். சமீப வருஷங்களில் தமிழ்நாட்டு இஞ்சினீரிங் சேர்க்கையில் விளையாட்டுக்காரர்களுக்கென்று 500 இடங்கள் தனியாக வைக்கப்பட்டு வருகின்றன. எம்.பி.பி.எஸ். படிப்பில் 7 இடங்கள். சென்னை ஐ.ஐ.டி.யோ, இந்தியாவிலுள்ள ஐ.ஐ.டி.க்களில் முதன்முதலாக, 2024-25ம் வருஷத்தில் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் விளையாட்டுக்கென்று 2 இடங்களை அதிகப்படியாக ஏற்படுத்தி, அதில் ஒன்று பெண்களுக்கு என்றும் வைத்தது. அந்த இடத்தைக் கேட்பவர் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு பரீட்சையின் தரப் பட்டியலிலும் இருக்க வேண்டும். கடந்த 4 வருஷத்திற்குள் தேசிய அல்லது சர்வதேசப் பந்தயத்தில் ஒரு பதக்கமாவது வாங்கியிருக்கவும் வேண்டும்.

2023ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. சண்டிகாரிலுள்ள பஞ்சாப் இஞ்சினீரிங் கல்லூரி, விளையாட்டுக்கென்று வைத்த 2 சதவிகித இடத்திற்குக்கூட பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவிகித மார்க்கு வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. விளையாட்டுக்கு என்று இடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அதிலும் மார்க்கைக் காட்டி விளையாட்டுக்காரனை வெளியே தள்ளுவது அந்த ஒதுக்கீட்டின் நோக்கத்தையே கெடுப்பதாகும் என்று கோர்ட்டார் அந்த நிபந்தனையை ரத்து செய்தார்கள்.

இந்த ஏற்பாடுகளை நாம் குறை கூறவில்லை. மனிதனுக்கு மூளை மாத்திரமல்ல, உடலும் இருக்கின்றது. உடலை அடக்கி, பழக்கி, ஒரு வித்தையில் தேர்ச்சி பெறுவதும் அறிவின் காரியமே என்பதை ஒப்புக் கொள்ளுகின்ற ஏற்பாடுகள் இவை.

தகுதி என்பது எது?

ஆனால் இதில் கவனிக்கத்தக்க சங்கதி ஒன்று உண்டு. 1950ம் வருஷம் வரை சென்னை மாகாணத்துக் கல்லூரிகளில் 14 இடங்களை, பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிட்டுக் கொடுக்கும் வகுப்புவாரி உத்தரவு அமுலில் இருந்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள், "மார்க்கு வாங்கியவனை விட்டுவிட்டு வேறு எதைப் பார்த்தும் இடம் கொடுக்கக் கூடாது" என்றார்கள். வழக்குத் தொடுத்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது வழக்கிலேயே வெளியாயிற்று. இருந்தும் 1951ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவைச் செல்லாதென்றது. தமிழ்நாடு கொதித்தெழுந்ததும், அதே வருஷத்தில் அரசியல் சட்டம் முதன்முதலாகத் திருத்தப்பட்டதும் யாவரும் அறிந்ததே.

அன்று மார்க்கு ஒன்றே தகுதி என்றார்கள். இன்று பதக்கமும் தகுதிதான் என்று பெரிய பெரிய கல்லூரிகளே ஒப்புக் கொண்டுவிட்டன. சந்தோஷம். அப்படியானால், மார்க்குக்கு வெளியேயும் மனிதனிடம் தகுதி இருக்கின்றது என்றுதானே அர்த்தம்? நூறு மீட்டர் ஓட்டத்தை வேகமாய் ஓடியவனுக்கு மார்க்குக் குறைந்தாலும் பாதகமில்லை. தலைமுறை தலைமுறையாய்ப் பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காத குடும்பத்திலிருந்து ஓடி வந்தவனுக்கு மார்க்குக் குறைந்தால் மாத்திரம் தரம் கெட்டுவிடும் என்றால், இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம். பதக்கம் வாங்கியவன் கடந்த தூரம் 100 மீட்டர். இவன் கடந்து வந்த தூரம் எத்தனை தலைமுறை!

ஏரிக்கரையில்

நிற்க, பழவேற்காட்டு ஏரியைச் சற்றுப் பார்ப்போம். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்தபடியான பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும் பாகம் ஆந்திராவிலும் சிறு பாகம் தமிழ்நாட்டிலுமாகக் கிடக்கின்றது. 1613ல் டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டி வியாபாரம் நடத்தினார்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் ஏறி வருகின்றன. டச்சுக்காரன் வந்து போனான். ராக்கெட்டும் ஆகாயத்திற்குப் போய்விட்டது. கரையிலிருக்கும் குப்பத்துப் பிள்ளை கல்லூரி வரை போய்ச் சேருவதுதான் இன்னமும் பெரிய பிரயாணமாக இருக்கின்றது.

இந்தக் கரையில் மூங்கில் கழியை ஊன்றிப் படகைத் தள்ளுகின்றவன் தோளைப் பாருங்கள். காற்றுக்கு எதிராய்த் துடுப்புப் போடுகின்றவன் மூச்சைப் பாருங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் பல மணி நேரம் குனிந்து நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளப் பெண்களின் இடுப்பின் பலத்தைப் பாருங்கள். எந்தத் தேகப் பயிற்சிக் கழகத்தில் இதைக் கற்றுக் கொடுக்கின்றார்கள்? ஆனால் இவர்களில் எத்தனை பேருக்குத் துடுப்புக்காகவோ நீச்சலுக்காகவோ ஒரு சர்ட்டிபிகேட் கிடைத்திருக்கின்றது?

அதே துடுப்பைச் சென்னையில் அடையாற்றங்கரைக்குக் கொண்டு போங்கள். அங்கே 1867ல் வெள்ளைக்காரர்கள் ஏற்படுத்திய மெட்ராஸ் போட் கிளப் இருக்கின்றது. அங்கே துடுப்புப் போட்டால் அது விளையாட்டு. அதற்குப் பந்தயம் உண்டு, கோப்பை உண்டு, சர்ட்டிபிகேட் உண்டு. ஏரியில் துடுப்புப் போட்டால் அது குலத்தொழில். அதற்கு வெயிலும் உப்பும்தான் கூலி. துடுப்பு ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். பிடிக்கும் கை எந்தக் கை என்பதில்தான் வித்தியாசமெல்லாம் இருக்கின்றது.

சீமையிலும் வர்ணாசிரமம்

இந்த வித்தியாசம் நம் நாட்டுச் சரக்கு மாத்திரமல்ல. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்னும் இரு சர்வகலாசாலைகளுக்கும் படகுப் பந்தயம் 1829ல் ஆரம்பித்தது. படிப்பும் படகும் சேர்ந்ததே உயர்தரக் கல்வி என்று அவர்கள் பெருமை பேசினார்கள். ஆனால் அந்நாட்டின் பேர் போன ஹென்லி படகுப் பந்தயத்தார் 1879ல் ஒரு விதி செய்தார்கள். கூலிக்குக் கைத்தொழில் செய்கின்றவனும், உடலுழைப்பாளியும் அப்பந்தயத்தில் கலந்து கொள்ளக் கூடாது என்பதே அந்த விதி. ஏன்? உழைக்கின்றவனுக்குத் தோளில் பலம் அதிகமாயிருக்குமாம். அது கனவான்களுக்கு அநியாயமாய் முடியுமாம்! அதாவது பலமில்லாதவன் ஜெயிப்பதற்காகப் பலசாலியைக் கரையிலேயே நிறுத்திவிட்டு, அதற்கு விளையாட்டின் தர்மம் என்று பெயரும் வைத்தார்கள்.

1920ல் அமெரிக்காவில் செங்கல் அடுக்கும் தொழிலாளியாயிருந்த ஜான் கெல்லி என்பவருக்கு ஹென்லியில் படகு விட அனுமதி மறுக்கப்பட்டது. அவரது படகுச் சங்கத்தின் மேலிருந்த பழைய தடையும், அவர் செய்த கைத்தொழிலும் அதற்குக் காரணங்களாய்ச் சொல்லப்பட்டன. அதே வருஷம் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் பந்தயத்தில் அவர் படகோட்டத்தில் தங்கப் பதக்கம் வாங்கினார். 1936ல் ஆஸ்திரேலியப் போலீஸ்காரர்களின் படகுக் கோஷ்டிக்கும் ஹென்லியில் இடமில்லை என்று சொல்லப்பட்டு, அதனால் சந்தி சிரித்த பின்னர்தான், 1937ல் அந்த விதி எடுக்கப்பட்டது. கெல்லியின் மகன் 1947ல் அதே ஹென்லியில், தகப்பனாருக்கு மறுக்கப்பட்ட அதே பந்தயத்தில் ஜெயித்தார்.

தோழர்களே! துரோணாச்சாரி ஏகலைவனிடம் கட்டை விரலைக் கேட்ட கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே விரலைக் கேட்டான். இங்கே விதியைப் போட்டார்கள். இது கதையோடும் போகவில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த பல்வாங்கர் பாலு என்னும் கிரிக்கெட் வீரர் 1911ல் இந்தியக் கோஷ்டியோடு இங்கிலாந்துக்குச் சென்று 100க்கு மேற்பட்ட விக்கெட்டுகள் எடுத்தார். பந்து வீச அவர் கை வேண்டியிருந்தது. ஆனால் டீ கொடுக்கும்போது அவருக்குத் தனிக் குவளை! இந்துக்கள் கோஷ்டிக்குத் தலைமை அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. அவரது தம்பி விட்டலுக்குத்தான் 1923ல் அது கிடைத்தது. ஆகவே விளையாட்டு மைதானத்தில் ஜாதியில்லை என்பவர்கள், மைதானத்திற்குள் விடப்படாதவனை எண்ணாமல் பேசுகின்றவர்களே யாவார்கள்.

பணம் போட்ட படகு

இனி, விளையாட்டுக்கு அளவு கடந்த மதிப்புக் கொடுத்த அமெரிக்கக் கலாசாலைகளின் கதையைக் கேளுங்கள். 2018ல் ஹார்வர்டு சர்வகலாசாலையின் மேல் நடந்த வழக்கில், அச்சர்வகலாசாலை தன் விளையாட்டுக் கோஷ்டிகளுக்கென்று தேடி எடுத்த மனுதாரர்களில் 100க்கு 86 பேருக்கு இடம் கிடைத்தது வெளியாயிற்று. மற்ற மனுதாரர்களிலோ 100க்கு 10 பேருக்குக்கூடக் கிடைப்பதில்லை. வாசல் இவ்வளவு அகலமாய்த் திறந்திருந்தால் பணக்காரன் சும்மா இருப்பானா? 2019ல் அந்நாட்டுச் சர்க்கார் பிடித்த வழக்கில், ஒரு நாளும் பந்தயப் படகேறாத பெண்களைப் படகோட்ட வீராங்கனைகள் என்று போட்டோ பிடித்துக் காட்டி, லட்சக்கணக்கான டாலர் கைமாறி, சர்வகலாசாலைகளில் இடம் வாங்கப்பட்ட சங்கதி அம்பலமாயிற்று. ஒரு பிரபல நடிகையும் அவரது கணவரும் அதற்காகச் சிறைக்கும் போனார்கள். ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் பாய்மரப் படகுப் பயிற்சியாளர் குற்றத்தை ஒப்புக் கொண்டார்.

படகே ஏறாதவளுக்குப் பணத்தால் படகோட்டி என்று பட்டம். பிறந்தது முதல் படகிலேயே வளர்ந்தவனுக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. சர்ட்டிபிகேட்டின் யோக்கியதையை இதைவிடத் தெளிவாய்ச் சொல்ல வேண்டுமா?

மற்றொரு பக்கமும் உண்டு. வட கரோலினா சர்வகலாசாலையில் 1993 முதல் 2011 வரை 18 வருஷ காலம், வகுப்பும் நடவாமல் உபாத்தியாயரும் இல்லாமல், ஒரு கட்டுரையை மாத்திரம் வாங்கிக் கொண்டு ஆபீஸ் காரியதரிசியே உயர்ந்த மார்க்குப் போட்டுக் கொடுத்த போலிப் பாடங்கள் நடந்து வந்தன. 2014ல் வெளிவந்த விசாரணை அறிக்கையின்படி, அவற்றில் சேர்ந்த மாணவர்கள் 3,100க்கு மேற்பட்டவர்கள். அவர்களில் சுமார் பாதிப்பேர் விளையாட்டுக்காரர்கள். இதனால் நஷ்டமடைந்தவர் யார்? கலாசாலைக்குப் பந்தயத்தில் வெற்றியும் வசூலும் கிடைத்தன. விளையாடிய பிள்ளைக்கோ, உடம்பு ஓய்ந்த பிறகு கையில் மிஞ்சியது படிக்காத படிப்புக்கு ஒரு பட்டம்! இது விளையாட்டுக்காரனுக்குச் செய்த சலுகையல்ல. அவனைக் கூலிக்கு வைத்துக் கொண்டு கூலியையும் கொடாமல் ஏய்த்ததேயாகும்.

நாம் சொல்வது என்ன?

ஆகவே நாம் சொல்வது இதுதான். கல்வியின் தரத்தை வாசலில் வைத்து அளக்காதீர்கள். வெளியே அனுப்பும்போது அளவுங்கள். எந்த வழியாய் உள்ளே வந்தவனானாலும், அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, பந்தயத்துக்குப் போன நாட்களின் பாடத்தைத் திரும்ப நடத்தி, பரீட்சையில் மற்றவரைப் போலவே தேறச் செய்து அனுப்ப வேண்டியது கல்லூரியின் கடமை. தேறாதவனுக்குத் தேறினான் என்று எழுதிக் கொடுப்பது தயவு ஆகாது. வாசலில் தாராளமும் உள்ளே உழைப்பும் வெளியேறும்போது கண்டிப்பும் இருந்தால் தரம் எங்கே போய்விடும்?

"அப்படியானால் மீன் பிடிப்பதையும் விளையாட்டு என்று கருதி அதற்கும் இடம் கொடுக்கச் சொல்லுகிறீர்களா?" என்று சில மேதாவிகள் பரிகாசம் செய்யலாம். இல்லை. வயிற்றுப் பாட்டை விளையாட்டு என்று புகழ்ந்து ஏழையை ஏமாற்றும் வேலை நமக்கு வேண்டாம். விடியுமுன் அப்பனோடு ஏரிக்குப் போய் வந்து, தூக்கக் கண்ணோடு வகுப்பில் உட்காரும் பிள்ளையின் உழைப்பைக் கவிதையாய்ப் பாடுவது அயோக்கியத்தனம். அந்தப் பிள்ளை முதலில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகட்டும். நாம் கேட்பது அவனுக்கு வழி. அந்த வழி சில சாதாரண ஏற்பாடுகளில் இருக்கின்றது.

விளையாட்டு இடத்துக்குக் கணக்கில் எடுக்கப்படும் சர்ட்டிபிகேட்டை அடைய, மாவட்டப் பந்தயத்துக்குப் போக வேண்டும், பிறகு மாகாணத்துக்கு, பிறகு தேசத்துக்கு. போவதற்கு ரயில் சத்தம் வேண்டும், பூட்ஸ் வேண்டும், முட்டையும் பாலும் வேண்டும், சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும், ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டுக் கூடப் போகத் தகப்பன் வேண்டும். இவ்வளவும் உள்ள வீட்டுக்குத்தான் பதக்கம் வருமென்றால், பதக்கம் என்பது பணத்துக்கு அடிக்கப்பட்ட இன்னொரு மார்க்கு லிஸ்டேயன்றி வேறென்ன? பரீட்சைக்கு டியூஷன் வைத்த வீடே பந்தயத்துக்கும் கோச்சு வைக்கும். முன் வாசலில் நுழைந்த அதே கூட்டம் பக்கத்து வாசலிலும் நுழையும்.

ஆதலால், 1992ல் ஏற்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தாரும், முதலமைச்சர் கோப்பைப் பந்தயங்களை நடத்துகின்றவர்களும், துடுப்புப் பந்தயத்தையும் நீச்சலையும் பழவேற்காட்டு ஏரியிலேயே கொண்டுவந்து நடத்தி, ஜெயித்தவனுக்குக் கல்லூரியில் செல்லத்தக்க சர்ட்டிபிகேட் கொடுக்கட்டும். ஏரி இருக்கின்றது, படகு இருக்கின்றது, தோளும் இருக்கின்றது. நடுவர் ஒருவரும் முத்திரை ஒன்றும்தானே பாக்கி? கரையோரத்து உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு மைதானமும் ஒரு தேகப் பயிற்சி ஆசிரியரும் இருக்கட்டும். அந்த ஆசிரியரைக் கணக்கெழுதவும் மணியடிக்கவும் வைத்துக் கொள்ளாமல் விளையாட்டுச் சொல்லிக் கொடுக்க விடட்டும். பொன்னேரியில் கலைக் கல்லூரியும் மீன்வளக் கல்லூரியும் இருக்கின்றன. மீனைப் பற்றிப் படிக்கும் கல்லூரியில் மீன் பிடிக்கின்றவன் பிள்ளைகள் எத்தனை பேர் என்று வருஷா வருஷம் கணக்குச் சொல்லட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ.ஐ.டி. விளையாட்டு இடத்தில் பாதி பெண்ணுக்கு என்று வைத்துவிட்டது. ஆனால் பெண் வயதுக்கு வந்ததும் மைதானத்துக்குப் போகாதே என்று நிறுத்துகின்ற வீட்டுக்கு எந்தச் சர்க்கார் உத்தரவு போய் எட்டும்? சேற்றில் பல மணி நேரம் இறால் தடவும்போது குறையாத மானம், நிஜார் போட்டு ஓடும்போது மாத்திரம் குறைந்துவிடுமா? இதைத் தாய் தகப்பன்மார் யோசிக்க வேண்டும்.

பாடும் பங்கும்

கடைசியாக, குப்பத்துத் தோழர்களுக்கே சொல்ல ஒன்றுண்டு. ஏரியில் "பாடு" என்று ஒரு ஏற்பாடு உங்களுக்குத் தெரியும். மீன் நிறையப் படும் இடத்தை வல்லவன் ஒருவனே வளைத்துக் கொள்ளாதபடி, சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்ளுகின்றீர்கள். நல்ல இடம் எல்லோருக்கும் சுற்றி வரவேண்டும் என்ற நியாயத்தைச் சட்டப் புத்தகம் படிக்காமலே கண்டுபிடித்தவர்கள் நீங்கள். கல்லூரி இடத்தில் பங்கு கேட்பதும் அதே நியாயம்தான். "வலை வீசத் தெரிந்தவனுக்கே எல்லாப் பாடும்" என்று எவனாவது வந்து சொன்னால், "பாடே கிடைக்காதவன் வலை வீசிக் காட்டுவது எப்படி?" என்று கேட்க மாட்டீர்களா? தகுதி திறமை பேசுகின்றவர்களுக்கும் அதுவே பதில்.

ஆனால் அந்தப் பாட்டுப் பட்டியலில் உங்கள் ஜாதித் தலைக்கட்டுகளுக்கு மாத்திரம் பேர் இருந்து, அதே ஏரியை நம்பிப் பிழைக்கும் தாழ்த்தப்பட்டவனுக்கும் இருளனுக்கும் பேரில்லாமலிருந்தால், பட்டணத்துக்காரன் உங்களுக்குச் செய்கின்றதையே நீங்கள் அவனுக்குச் செய்கின்றீர்கள் என்பதை மறக்கக் கூடாது. பங்கு கேட்கின்றவன் பங்கு கொடுக்கவும் தெரிந்தவனாயிருக்க வேண்டும். அப்படியே, திருவிழாவுக்கென்று தலைக்கட்டு வரி வசூலிக்கும்போது, வாணவேடிக்கைக்கும் மேளத்துக்கும் போகின்ற பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி ஒரு மைதானத்தைச் சமன் செய்யுங்கள். நாலு பந்தும் ஒரு படிப்பகமும் வாங்கி வையுங்கள். பந்தயத்துக்குப் போகும் பிள்ளைக்கு ரயில் சத்தம் கொடுங்கள். வெடித்த வாணம் ஒரு நிமிஷத்தில் சாம்பல். படித்த பிள்ளை ஒரு குப்பத்துக்கே வெளிச்சம்.

படிப்பின் தரம் போய்விடும் என்று பயப்படுகின்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி முடிக்கின்றோம். கழி ஊன்றும் கைக்குப் பேனா பிடிக்கவும் தெரியும். பிடிக்க விடாமல் வைத்திருந்த காலமே தரம் கெட்ட காலம்.